காய்ச்சல் இல்லாத ஊர்

ஒரு பகுதியில் காய்ச்சலால் சாவு நேர்ந்தால் அதை அந்தப் பகுதிக் கச்சேரியில் உடனே பதிய வேண்டும். பதிந்த அலுவலருக்குச் சந்தேகம் தோன்றினால் அன்றே மேலே எழுத வேண்டும். அந்த எழுத்து போய்ச் சேர்ந்ததும் மருந்தும், மருந்து கொடுக்க ஆளும், குட்டைகளில் ஊற்ற எண்ணெயும் தாமதமின்றி அந்த ஊருக்குப் போக வேண்டும். நான் தாலுகா கச்சேரியில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து பென்ஷன் வாங்கியவன். இந்த விதியைப் பலமுறை என் கையால் நகல் எடுத்துக் கீழ்க் கச்சேரிகளுக்கு அனுப்பியிருக்கிறேன். நல்ல விதி. ஒரு சொல் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. நகல் எடுக்கும்போது எந்த இடத்திலும் என் பேனா தயங்கியதில்லை.

இப்போது எனக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. குடித்த மருந்தால் வந்த இரைச்சல் இடது காதில் மட்டும் மிச்சமிருக்கிறது. மழைக்காலம் மறுபடி வரும். அப்போது இந்தக் காய்ச்சலில் விழப்போகிறவர்களுக்கு என்ன நடக்கும் என்று முன்பே தெரிந்திருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

கார்த்திகை என்கிற விருச்சிக மாதத்து மழையில் மருமகன் நீலகண்டனிடமிருந்து ஆள் வந்தது. என் மகள் பகவதிக்கு ஒன்றுவிட்டு ஒரு நாள் குளிரும் காய்ச்சலுமாக இருக்கிறது, வந்து கூட்டிப்போங்கள் என்று. அவளைக் கட்டிக்கொடுத்த ஊர் வேங்கைக்கோணம், மலையடிவாரத்தில் அணைத் தண்ணீர் வரும் கால்வாயை ஒட்டிய ஊர். எங்கள் ஊர் அதற்கு நேர் எதிர்த்திசையில், இராஜாக்கமங்கலத்துக்குப் போகும் வழியில், கடற்காற்று வீசும் இடத்தில் இருக்கிறது. வில்வண்டி பிடித்துக்கொண்டு போனேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். கட்டிக்கொடுத்த பெண் தீனமாக விழுந்தால் பிறந்த வீட்டார் வண்டியோடு போய்க் கூட்டி வந்துவிட வேண்டும். போகாவிட்டால் பெண்ணைக் கைகழுவிவிட்டார்கள் என்று ஊர் பேசும். புகுந்த வீட்டாருக்கும் இது சௌகரியம். நோயும் போகும், பழியும் போகும். செத்தால் பிறந்த வீட்டில் சாவாள், பிழைத்தால் திரும்பி வருவாள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. என் மகளுக்கும் அதைத்தான் செய்தேன்.

அந்த வீட்டில் பகவதிக்கு மூத்தவள் ஒருத்தி உண்டு. நீலகண்டனின் அண்ணன் மனைவி இசக்கியம்மை. புருஷன் போன பிறகும் அந்த வீட்டிலேயே இருந்துவிட்டவள், பிள்ளை இல்லை. வீட்டுச் சாவி அவள் இடுப்பில்தான் கிடக்கும். நான் உள்ளே நுழைந்ததும் ஆரம்பித்துவிட்டாள்.

"வாருங்க சித்தப்பா. சீக்கிரம் கொண்டுபோங்க இவளை. இங்கெ கெடந்து எதாவது ஆச்சுண்ணா, மூத்தவ பட்டினி போட்டுக் கொன்னுட்டாண்ணு எனக்க தலையில வரும்."

கம்பளிக்குள்ளிருந்து பகவதி சொன்னாள்: "அக்கா பட்டினி போடமாட்டா அப்பா. அவ வைக்குத கஞ்சியைக் குடிச்சாலே போதும்."

"ஏட்டி, நாக்குக்கு மட்டும் காய்ச்சல் வரல்லியா உனக்கு?" என்றாள் இசக்கி. சொல்லிக்கொண்டே அவள் நெற்றியில் ஈரத்துணியை மாற்றிப் போட்டாள்.

மழையில் வழியில் இருந்த ஓடை பெருகி வண்டி திரும்ப முடியவில்லை. சில நாட்கள் அங்கேயே தங்கினேன். பகலில் ஊரைச் சுற்றிப் பார்த்தேன். கால்வாய்க்கரையை உயர்த்துவதற்காக முந்தின கோடையில் கரையோரமாக மண் வெட்டியிருந்தார்கள். வெட்டின பள்ளங்களில் மழைவெள்ளம் நிறைந்து, அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரியும் அளவுக்குத் தெளிந்து கிடந்தது. பெண்கள் அதில் பாத்திரம் கழுவினார்கள், பிள்ளைகளைக் குளிப்பாட்டினார்கள். எங்கள் ஊர்க் குளத்தின் பாசியை நினைத்து, இவர்கள் கொடுத்து வைத்தவர்கள் என்று எண்ணிக்கொண்டேன்.

தண்ணீர் வடிந்ததும் பகவதியைக் கூட்டி வந்தேன். அவள் மகள் வள்ளிக்கு நாலு வயது. அப்போது நன்றாகத்தான் இருந்தாள். பெரியம்மை இசக்கியின் சேலையைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்று நின்றுவிட்டாள். விட்டுவிட்டு வந்தோம்.

வீட்டில் வைத்தியர் கஷாயம் கொடுத்தார். காய்ச்சல் கஷாயத்தையும் குடித்துவிட்டுத் தன் பாட்டுக்கு வந்து போனது. இரண்டு வாரம் போல் கழித்து ஒரு முற்பகல் நான் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போது விரல் நுனி குளிர்ந்தது. வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பேப்பர் என் கையில் தானாக நடுங்குவதைப் பார்த்தேன். பிறகு பல் அடித்தது, கட்டில் ஆடியது. வீட்டிலிருந்த கம்பளி, சாக்கு, ஜமுக்காளம் எல்லாம் போட்டும் போதாமல் என் மனைவி சிவகாமி என் மேலேயே படுத்து அமுக்கிக்கொண்டாள். குளிர் போய் அனல் வந்தது. கண்ணுக்குள் கரி எரிந்தது. கடைசியில் வியர்வை, மெத்தையைப் பிழியலாம். மறுநாள் எழுந்து வெற்றிலை போட்டேன். அதற்கு மறுநாள், அதே நேரத்துக்கு, விரல் நுனி குளிர்ந்தது. நான் பணியிலிருந்த காலத்தில் என் கீழே இவ்வளவு நேரம் தவறாத ஆள் ஒருவன்கூட இருந்ததில்லை.

அப்பாவும் மகளும் ஒரே வண்டியில் நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

வெளிவராந்தாவில் காத்திருந்தோம். தூணுக்குத் தூண் ஒருவர் கம்பளி மூடிக்கிடந்தார். எந்த மூட்டை நடுங்குகிறது, எந்த மூட்டை ஓய்ந்துவிட்டது என்று பார்த்துப் பார்த்து ஆட்களை உள்ளே எடுத்தார்கள். பதிவு செய்கிறவர் "ஊரு?" என்று கேட்டார். எங்கள் ஊரைச் சொன்னேன். பகவதிக்கும் அதையே சொன்னேன். கேள்வியும் முறையானது, பதிலும் உண்மை.

டாக்டருக்கு வயது முப்பதுக்கு மேல் இராது. தூக்கமில்லாத கண். விரல் நுனியில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தேய்த்து எடுத்தார். பிறகு படுக்கச் சொல்லி இடது விலாவுக்குக் கீழே விரல்களை அழுத்தி, மூச்சை இழு என்றார். உள்ளே ஏதோ ஒன்று அவர் விரலில் வந்து முட்டியது எனக்கே தெரிந்தது. அது மண்ணீரல். சாதாரணமாக விலாவுக்குள் ஒளிந்திருக்கும்; இந்தக் காய்ச்சலில் வீங்கி வெளியே வரும். ஊரில் வயிற்றுக்கட்டி என்று சொல்லி மந்திரிப்பது இதைத்தான். பகவதிக்கு அது தொப்புள்வரை வந்திருந்தது.

"மலேரியா," என்றார். "கொசு கொண்டுவருகிற காய்ச்சல். நோயாளியைக் கடித்த கொசுவின் வயிற்றில் கிருமி வளரும். அந்தக் கொசு பிறகு யாரைக் கடிக்கிறதோ அவருக்கு வரும். கடித்த அன்றே வராது. இரண்டு வாரம் போல் உள்ளேயே இருந்துவிட்டுத்தான் குளிரும்."

"கொசு பாடினதாக எனக்கு நினைவில்லை," என்றேன்.

"பாடுகிற கொசு வேறே. இது சத்தம் போடாது. சாக்கடையிலும் வராது. நல்ல தெளிந்த தண்ணீராகப் பார்த்துத்தான் முட்டையிடும்."

கூழாங்கல் தெரிந்த அந்தப் பள்ளங்கள் அப்போதே என் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. மறுபடி குளிர ஆரம்பித்திருந்தது.

மருந்து கொயினா. நாக்கில் பட்டதும் உடம்பு முழுவதும் சுருங்கும் கசப்பு. சிவகாமி கருப்பட்டியை மடியில் முடிந்து கொண்டுவந்து, கம்பவுண்டர் அந்தப் பக்கம் திரும்பும்போது என் வாயில் போடுவாள். சில நாளில் காதுக்குள் மாரிக்காலத்துச் சில்வண்டு முழுவதும் குடியேறிவிடும். இருட்டிவிட்டால் வார்டில் யாராவது ஒருவருக்குக் காய்ச்சல் தலைக்கேறும். ஒருவர் விடியும்வரை மாட்டை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருப்பார், இன்னொருவர் மகனைப் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டேயிருப்பார். சிலசமயம் விடிவதற்குள் அந்தக் குரல் நின்றுவிடும். பிழைத்துத் தூங்குகிறாரா, போய்விட்டாரா என்று எழுந்து பார்க்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

ஆண்கள் வார்டுக்கும் பெண்கள் வார்டுக்கும் நடுவே ஒரு முற்றம். சிவகாமி நாள் முழுவதும் அந்த முற்றத்தைக் கடந்துகொண்டேயிருந்தாள். இங்கே எனக்குக் கஞ்சி, அங்கே அவளுக்குக் கஞ்சி. இரண்டு இடத்திலும் மற்ற ஆள் நன்றாக இருப்பதாகவே சொல்வாள். முகத்தைப் பார்த்துத்தான் நான் உண்மையைத் தெரிந்துகொள்வேன்.

என் பக்கத்துக் கட்டில் மீரான் பிள்ளைக்கு. கோட்டாற்றுக்காரர், துணிமூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மலையடிவாரத்து ஊர்களில் விற்பவர். காய்ச்சல் இல்லாத நாட்களில் வாய் ஓயாது. அவர் வீட்டிலிருந்து ஆரஞ்சு வந்தால் ஒன்றை என் பக்கம் நீட்டுவார்.

"உரிச்சா தீட்டு, உரிக்காமெ தந்தா தீட்டில்லை. சரிதானே அண்ணாச்சி?"

"நீரே உரியும்," என்றேன். "எனக்குக் கை நடுங்குது."

"அப்போ கொயினா சாதியையும் சேத்துக் கொன்னுட்டு போல," என்று சிரித்துக்கொண்டே உரித்துக் கொடுத்தார்.

ஒரு நாள் சிவகாமி ஊருக்குப் போய்விட்டுக் கோபமாக வந்தாள்.

"கேட்டியளா? ஊருல சர்க்கார் ஆளுவ வந்து நிக்கா. கோயில் குளத்துல எண்ணெயைக் கொண்டு ஊத்தியிருக்கா. குளிச்சவளுக்குத் தலையெல்லாம் மண்ணெண்ணெய் நாத்தம். வீடு வீடா கொயினாவும் குடுக்கா, ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்லை, எல்லாத்தையும் சாணிக்குழியில போடுகா."

"நம்ம ஊருல வேறெ யாருக்கு காய்ச்சல்?"

"வேறெ யாருக்கு? போன மாசம் தீனத்துல பெறந்த வீட்டுக்கு வந்து செத்தாளே ஒருத்தி, அவ போக நீங்களும் உங்க மகளும்தான்."

நான் எழுந்து உட்கார்ந்தேன். அவள் சாவையும் எங்கள் இருவரையும் எங்கள் ஊர்க் கணக்கில் எழுதியதால் எங்கள் ஊருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. பார்ப்பதற்கு அழுக்காகவும் ஒரு குளம் கிடைத்தது. விதிப்படி எண்ணெய் ஊற்றிவிட்டார்கள். ஆனால் நாங்கள் இருவரும் கடிபட்டது அங்கே இல்லை.

மீரானிடம் கேட்டேன்: "நீரு விழுறதுக்கு ரெண்டு வாரம் முந்தி எங்கெ படுத்தீரு?"

"வேங்கைக்கோணத்துச் சாவடியிலே. ஏன், வாடகை கேப்பீரா?"

"எழுதும்போ எந்த ஊரு சொன்னீரு?"

"கோட்டாறு. எனக்க வீடு அங்கெதானே வே இருக்கு?"

சிவகாமியைப் பெண்கள் வார்டுக்கு அனுப்பினேன். அங்கே காய்ச்சலில் கிடக்கும் ஒவ்வொருத்தியும் எந்த ஊர் என்று பகவதியிடம் கேட்டுவரச் சொன்னேன். வந்து சொன்னாள்: "ஆளுக்கு ஒரு ஊரு. சுசீந்திரம், ஆளூரு, தக்கலைப் பக்கம் ஒருத்தி. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லை."

"அது பிறந்த ஊரு. கெட்டிக்கொடுத்த ஊரு எதுண்ணு கேட்டுட்டு வா."

"உங்களுக்குக் காய்ச்சல் தலைக்கு ஏறிட்டா?" என்று முணுமுணுத்துக்கொண்டே போனாள். திரும்பும்போது முற்றத்தில் ஓடிவந்தாள். சிவகாமி ஓடி நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

"எல்லாம் வேங்கைக்கோணமும் அதுக்கு மேலேயும் கீழேயும் உள்ள ரெண்டு ஊருந்தான். எல்லாம் அந்தக் கால்வாய்க்கரை. நம்ம வள்ளி அங்கெ கெடக்காளே!"

அன்று மாலை டாக்டரிடம் சொன்னேன். அவர் நின்றுகொண்டே கேட்டார், பிறகு என் கட்டிலில் உட்கார்ந்து மறுபடி கேட்டார்.

"எனக்கும் இந்தச் சந்தேகம் உண்டு. ஒருமுறை எழுதினேன். அந்த ஊரில் காய்ச்சல் சாவு எத்தனை பதிவாகியிருக்கிறது என்று கேட்டுத் திருப்பிவிட்டார்கள். விசாரித்தேன். ஒன்றுகூட இல்லை."

எப்படி இருக்கும்? விழுந்தவள் ஒவ்வொருத்தியும் வண்டியேறிப் பிறந்த ஊருக்குப் போய்விடுகிறாள். ஆண்களும் நடக்க முடிந்தவரை நடந்து அக்காள் வீட்டுக்கோ ஆஸ்பத்திரிக்கோ வந்துவிடுகிறார்கள். சாவு பத்து ஊர்க் கணக்கில் ஒவ்வொன்றாகச் சிதறிக்கிடக்கிறது. கால்வாய்க்கரைப் பகுதிக் கச்சேரியில் சந்தேகப்பட ஒன்றுமே சேரவில்லை. அந்த வாரம் பெண்கள் வார்டில் பகவதிக்கு எதிர்க்கட்டிலில் ஒருத்தி இறந்தாள், வேங்கைக்கோணத்தில் வாழ்க்கைப்பட்டவள்; அவள் சாவுகூட நகரத்துக் கணக்கில்தான் ஏறியது. மலையடிவாரத்தில், காகிதப்படி, ஒரு கொசுகூட இல்லை.

கட்டிலில் இருந்தபடியே மனு எழுதினேன். எந்த மேசைக்குப் போனால் எந்த மேசை திறக்கும் என்று தெரிந்தவன் நான். இரண்டு இடத்துக்கு நகல் வைத்து, உரிய வழியில் அனுப்பினேன். பதில் வரவில்லை. நினைவூட்டு மனு அனுப்பினேன். அதற்கும் வரவில்லை. வராது என்று எனக்குத் தெரியும். வராமல் இருப்பதற்கு மேசையில் என்ன காரணம் எழுதுவார்கள் என்பதையும் நானே எழுதிக் காட்டியிருப்பேன்.

அதற்குள் இசக்கி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். இடுப்பில் வள்ளி. பிள்ளையின் கால் குச்சியாகத் தொங்கியது, வயிறு மட்டும் முன்னால் வந்திருந்தது. டாக்டர் விரலை வைத்துப் பார்த்துவிட்டு மருந்து எழுதினார். பிள்ளையை வைத்துக்கொள்ளக் கட்டில் இல்லை. கொஞ்சம் கூடுதலாகவே மருந்து கட்டிக் கொடுத்தார். பகவதி பிள்ளையை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு இசக்கியைப் பார்த்து, "நல்லா வளத்துக்கொண்டு வந்திருக்கியே அக்கா," என்றாள். சொன்ன பிறகு அவளே அழுதுவிட்டாள். இசக்கி தன் சேலைத் தலைப்பால் பிள்ளையின் முகத்தைத் துடைத்தாள்.

முற்றத்துக்கு வந்து என்னிடம் கேட்டாள்.

"சித்தப்பா, உங்க ஊருல தீனம் இல்லாதவனுக்கு எல்லாம் கொயினா குடுக்காளாமே. எங்களுக்கு ஏன் தரல்லை?"

சொன்னேன். விதியைச் சொன்னேன். சாவு நேர்ந்த இடத்தில்தான் பதிவு, பதிவு இருந்தால்தான் மருந்து என்று.

"எங்க தெருவுல இருந்து இந்த மாசம் எத்தனை வண்டி போச்சுண்ணு தெரியுமா உங்களுக்கு?"

"அதெல்லாம் போன ஊருக் கணக்கு மக்கா."

"அப்போ எங்க ஊருல ஒருத்தி கெடந்து சாவணும்."

"அப்படி அர்த்தம் இல்லை."

"வேறெ என்ன அர்த்தம்? நீங்கதானே படிச்சவரு, சொல்லுங்க."

நான் வேறு அர்த்தம் சொல்ல முயன்றேன். விதியின் நோக்கம், விதியின் உட்பொருள் என்று ஏதோ சொன்னேன். அவள் வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"நல்ல சட்டம் சித்தப்பா. எழுதினவனைப் பெத்தவளும் தீனத்துக்குப் பெறந்த வீட்டுக்குத்தான் போயிருப்பா."

மருந்தை மடியில் முடிந்துகொண்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். தாயிடம் விட்டுப் போகச் சொல்லியும் வள்ளி இறங்கவில்லை.

எங்களை மகர மாதத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆஸ்பத்திரிக்கும் வண்டிக்குமாக, முந்தின போகத்தில் அறுத்த நெல்லில் பாதி வெளியே போயிருந்தது. நான் தடி ஊன்றி முற்றம்வரை நடந்தேன். பகவதி பிள்ளையிடம் போகவேண்டும் என்று தினமும் கேட்டாள். சிவகாமி தினமும் முடியாது என்றாள். மறுபடி கடிபட்டால் இனித் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வள்ளியைக் கூட்டி வர ஆள் அனுப்பினால், பிள்ளைக்கு இப்போது காய்ச்சல் விட்டிருக்கிறது, குலுக்கி வண்டியில் கொண்டுபோக வேண்டாம் என்று இசக்கியிடமிருந்து பதில் வந்தது.

கும்ப மாதம், அறுப்பு நேரம், நீலகண்டன் வந்து நின்றான். வேட்டி முழங்கால்வரை சேறு.

"மாமா, மதினி விழுந்துட்டா. அவங்க தம்பி வண்டி கொண்டுவந்து நிக்காரு. ஏறமாட்டேங்கா. நீங்க வந்து சொன்னா கேப்பா."

போனேன். வாசலில் வண்டி நின்றது. மாட்டை அவிழ்க்காமல் நுகத்திலேயே வைத்திருந்தார்கள். அவள் தம்பி வண்டிச் சக்கரத்தில் கைவைத்துக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் நின்றார். கூட்டிப்போகாமல் திரும்பினால் அவர் ஊரில் என்ன பேசுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

உள்ளே இசக்கி பாயில் கிடந்தாள். கண் மஞ்சள். பேச்சு மட்டும் பழையதுதான்.

"வந்தாச்சா கச்சேரி? ஏலே நீலண்டா, ஒரு பலகை போடு அவருக்கு."

"எந்திரி மக்கா. தம்பி வீட்டுக்கு வேண்டாம். நேரே ஆஸ்பத்திரிக்குப் போவோம். டாக்டரு எனக்குத் தெரிஞ்சவரு. பிழைச்சுக்கிடலாம்."

"ஆஸ்பத்திரியில செத்தா எந்த ஊருக் கணக்கு?"

"நகரத்துக் கணக்கு. ஆனா நீ பிழைப்பே."

"பிழைச்சு வந்தா இந்த ஊருக்கு என்ன வரும் சித்தப்பா?"

நான் கொயினாப் பொட்டலத்தை மடியிலிருந்து எடுத்தேன்.

"இப்பம் சொல்லமாட்டியளே. அண்ணைக்கு முற்றத்துல வச்சு எவ்வளவு விவரமாச் சொன்னிய."

"அது விதியைச் சொன்னேன். உன்னைச் சாகச் சொல்லல்லை."

"நான் சாகணும்ணா சொல்லுகேன்? கொயினா தாங்க, தின்னுகேன். பிழைச்சா இங்கெ கெடந்து பிழைக்கேன். செத்தா இங்கெ கெடந்து சாகேன். வண்டியில மட்டும் ஏறமாட்டேன்." பிறகு வாசல் பக்கம் திரும்பி உரக்கச் சொன்னாள்: "தம்பி, மாட்டை அவுத்துக் கட்டுடே. பாவம், வாயில்லா சீவன் நிக்கு."

நான் கெஞ்சினேன். அதட்டினேன். அவள் காலைப் பிடிக்கவும் குனிந்தேன். பகவதிக்கு மூத்தவள், எனக்கு மகள் முறை. அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

நான் கொண்டுபோன கொயினாவைக் கொடுத்தோம். குடித்தாள், வாந்தியெடுத்தாள். மறுபடி கொடுத்தோம், மறுபடி வந்தது. நீலகண்டன் டாக்டரிடம் ஓடினான். பாதிக்கப்பட்டதாக அறிவிக்கப்படாத ஊருக்கு ஆஸ்பத்திரியை விட்டு அவர் வர அனுமதி கிடையாது. கம்பவுண்டரிடம் ஊசி மருந்து கொடுத்துத் தன் பொறுப்பில் அனுப்பினார். கம்பவுண்டர் வந்து சேரும்போது காய்ச்சல் தலைக்கேறிவிட்டது. இசக்கி யாரையோ நெல் அளக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். மரக்காலைத் தலைதட்டி அள, கோபுரம் வைக்காதே என்று. ஊசி போட்டார். பொழுது விழும்போது அளப்பதும் நின்றுவிட்டது. தம்பி அதுவரை வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

மறுநாள் நானும் நீலகண்டனும் பகுதிக் கச்சேரிக்குப் போனோம். எழுதுகிறவர் இளைஞர். என் காலத்துக்குப் பிறகு சேர்ந்தவர்.

"இறந்த இடம்?"

"வேங்கைக்கோணம்," என்றான் நீலகண்டன்.

"நோய்?"

"காய்ச்சல்."

அவர் பேனாவை எடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "அந்த ஊருல காய்ச்சல் உண்டா? இதுவரை ஒண்ணும் வந்ததில்லையே."

நீலகண்டன் மேசையைப் பிடித்துக்கொண்டான். நான் அவன் தோளைத் தொட்டு, எழுதுகிறவரிடம், "இப்போது உண்டு, எழுதுங்கள்," என்றேன். எழுதினார். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, அந்தப் பதிவைச் சுட்டிக்காட்டி என் மூன்றாவது மனுவை எழுதினேன். எழுத்து என் எழுத்துப் போலவே இல்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் பகவதி வேங்கைக்கோணம் போனாள். சிவகாமி தடுக்கவில்லை. காரியம் முடிந்து வள்ளியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். பிள்ளை பெரியம்மையை இரண்டு நாள் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

கடைசியில் பதில் வந்தது. சர்க்கார் முத்திரை போட்ட நீள உறை. மேற்படி கிராமத்தில் காய்ச்சல் மரணம் பதிவாகியிருப்பதை முன்னிட்டு, மருந்து வழங்க ஒரு ஆளும், கால்வாய்க்கரைப் பள்ளங்களை மண்ணிட்டு மூடக் கூலியாட்களும் அனுமதிக்கப்படுவதாக எழுதியிருந்தது. குறை சொல்ல முடியாத நடை. நான் பணியில் இருந்திருந்தால் இதில் ஒரு சொல்லையும் மாற்றியிருக்கமாட்டேன்.

பகவதி மறுபடி படிக்கச் சொன்னாள். படித்தேன்.

"பேரு போட்டிருக்கா அப்பா?"

"இல்லை மக்கா. மரணம்ணுதான் போட்டிருக்கு. பேரு போடுற வழக்கம் இல்லை."

அவள் கடிதத்தை வாங்கினாள். அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். அந்த வரியை விரல் வைத்துக் கூட்டிப் படித்தாள். பிறகு என் பேனாவை எடுத்து, சர்க்கார் காகிதத்தில் யாரும் எழுதக்கூடாத இடத்தில், 'மரணம்' என்ற சொல்லுக்கு மேலே, 'இசக்கியம்மை' என்று எழுதினாள். நான் தடுக்கவில்லை. அன்று தேதி மேட மாதம் எட்டு.